இரைச்சல் நீக்கிய குரல்

பேசுகிறவர்களின் இருமல், செருமல், எச்சில் விழுங்கும் சத்தம் இவற்றையெல்லாம் வெட்டி எறிவதுதான் என் பிழைப்பு, மேடம். பதினோரு வருடமாக வானொலி நிலையத்தில் ஒலித் தொகுப்பாளன். நான் கை வைத்த இடம் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள்.

விவாகரத்துக்குப் பிறகு எங்கள் மகள் சிட்டு ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவள் அம்மாவிடம். ஆறு வயதுக் குழந்தை பையைத் தூக்கிக்கொண்டு ஞாயிறுதோறும் வீடு மாறினாள். அதை யாரும் கொடுமை என்று சொல்லவில்லை. பிறகு அவள் அம்மாவை ஆறு மாதத்துக்கு மலைமேல் அணை வேலைக்கு அனுப்பினார்கள். பொறியாளர் அம்மா. திரும்பி வந்ததும் பழையபடி வாரம் மாற்றி வாரம் என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள், பாத்திரத்தை இரவல் கொடுத்துவிட்டுப் போவதுபோல. எனக்கு வயிறு எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அங்கே போனில் பேசச் சிக்னல் நிற்காது. வாரம் ஒருமுறை குரலைப் பதிவு செய்து எனக்கு அனுப்புவாள். சிட்டுவிடம் கொடுத்திருந்த பழைய போனில் நான் அதை ஏற்ற வேண்டும். முதல் மாதம் அப்படியே ஏற்றினேன். சிட்டு கேட்டு முடித்ததும் காலண்டரில் அந்த வாரத்தைக் கோடு போட்டு அடிப்பாள். நான் ஊட்டிவிட்ட சோற்றை மென்றுகொண்டே அடிப்பாள்.

அதன்பிறகு கொஞ்சம் குறைத்தேன். 'செல்லம்' போயிற்று. 'சீக்கிரம் வந்துடுவேன்' போயிற்று. ஐந்தாம் மாதம், "உன்னை விட்டுட்டு இருக்க எனக்குப் பிடிக்கல" என்று அனுப்பியிருந்தாள். நடுவில் இரண்டு சொற்களை எடுத்தேன். அரை நிமிட வேலை.

சிட்டு அழவில்லை. அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பல் தேய்க்கும்போதும் கேட்டாள். அம்மாவின் குரல் வேண்டியிருந்தது போலும். நான் தடுக்கவில்லை.

அவள் அம்மா திரும்பியதும், குழந்தை முழுக்க என்னிடமே இருக்கட்டும் என்று வழக்குப் போட்டேன். நீதிபதி எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு தன் அறையில் சிட்டுவைக் கேட்டார்.

"அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது. அம்மாவே சொன்னாங்க" என்று சொல்லி, போனை எடுத்துப் போட்டுக் காட்டினாள்.

தொழில் புத்தி அங்கேதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. அணையில் ஜெனரேட்டர் ஓயாமல் ஓடுமாம். இரைச்சலை விட்டுவைத்தால் வெட்டிய இடம் காதில் இடறும் என்று முழுவதையும் துடைத்திருந்தேன்.

"அந்தச் சத்தம் இல்லாம அங்க ஒரு நிமிஷம்கூடக் கிடையாது சார். இதுல இவர் கை வச்சிருக்கார்" என்றாள் அவள் அம்மா. தன் போனிலிருந்த அசலைப் போட்டாள்.

சிட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "இது வேற யாரோ" என்றாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் கோர்ட்டுக்குக் கொடுக்கும் உங்கள் அறிக்கையில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்: ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தவை. இப்போது யார் பேச வந்தாலும் சிட்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்கிறாளாம். அது நீதிபதி சொல்லி அம்மாவிடம் போனபிறகு வந்த பழக்கம். என்னிடம் இருந்தவரை நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.