கணக்கு டீச்சர் நாளைக்கு வருவாங்க

கன்னியம்மாள்: துன்னு மேடம்... பொட்டலம் பாக்கி கீது பாரு. கைதானவங்களுக்கு மட்டும்தான் சாம்பார் சாதம், கைது பண்ண போலீசுக்கு கிடையாதுன்னு சட்டம் எதுனா கீதா?

மதிவதனி: நீங்க சாப்பிடுங்கக்கா. எனக்கு வேணாம்.

கன்னியம்மாள்: அய்ய... காத்தாலேர்ந்து நின்னுகினே கீற. பச்சத்தண்ணி கூட பல்லுல படல. நான் பாத்துகினுதானே கீறேன்.

மதிவதனி: டூட்டின்னா அப்படித்தான். கொஞ்சம் மெதுவா பேசுங்க, இன்ஸ்பெக்டர் சார் வாசல்லதான் நிக்கிறாரு.

கன்னியம்மாள்: நிக்கட்டுமே. கல்யாண மண்டபத்துல கொண்டாந்து அடைச்சா ஜனங்க பேசத்தான் செய்யும். தோ, மேடைய பாரு... பொண்ணு நாற்காலில தாயம்மா ஒக்காந்துகினு கீறா. அவ கல்யாணத்துக்கே அவளுக்கு அந்த மாதிரி நாற்காலி கெடைக்கல.

மதிவதனி: ஐயோ, சிரிக்க வெக்காதீங்கக்கா...

கன்னியம்மாள்: சிரிச்சா இன்னா, சம்பளத்துல புடிச்சிப்பாங்களா?

மதிவதனி: விளையாட்டு இல்லக்கா. முன்னாடி நின்னு கத்துனது நீங்கதான்னு வீடியோ இருக்கு. கேஸ் போட்டா உங்க பேருதான் மொதல்ல வரும்.

கன்னியம்மாள்: வரட்டும். மனு குடுத்தோம். திருப்பியும் குடுத்தோம். கலெக்டர் ஆபீஸ் வாசல்ல வெயில்ல நின்னோம். பாக்கறோம் பாக்கறோம்னாங்க... இன்னாத்த பாத்தாங்க? ஸ்கூல் தொறந்து காலாண்டுப் பரிட்சயே முடிஞ்சி போச்சு, பத்தாவதுக்கு கணக்கு டீச்சர் இல்ல. இன்னிக்கு சி.டி.எச் ரோட்டுல ஒக்காந்தோம். பட்டாபிராம் வரிக்கும் லாரி நின்னுச்சு. ஒடனே ஜீப்பு பறந்து வருது!

மதிவதனி: வேலைக்குப் போறவங்க, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க எல்லாம் மாட்டிக்கிட்டாங்களே.

கன்னியம்மாள்: ஆம்புலன்சுக்கு நாங்களே ஏந்திரிச்சி வழி உட்டோம். நீயும் பாத்த.

மதிவதனி: பாத்தேன்.

கன்னியம்மாள்: எனக்கும் இன்னிக்கு வேல போச்சு. பாடியாண்ட ஒரு கம்பெனி கேன்டீன்ல பாத்திரம் தேய்க்கறேன். சொல்லாம லீவு போட்டா அந்த மேஸ்திரி காது கொடுத்து கேக்க முடியாத மாதிரி பேசுவான். எங்களுக்கு மட்டும் ஆசையா ரோட்டுல ஒக்காரணும்னு?

மதிவதனி: ...போன வருசம் உங்க ஸ்கூல் ரிசல்ட் ரொம்ப மோசம்னு சொன்னாங்க.

கன்னியம்மாள்: பாதிக்கு மேல கணக்குல போச்சு. அதுக்கு இன்னா பண்ணாங்க தெரியுமா? ஹெட்மாஸ்டருக்கு மெமோ. அப்பறம் ஒரு மீட்டிங். அப்பறம் புள்ளைங்க கையில ஒரு சின்ன புக்கு. மெல்லக் கற்போர்னு புள்ளைங்களுக்குப் பேரு வேற. கிராஃப் ஒன்னு, வட்டம் ஒன்னு, இத்த மட்டும் போட்டுப் பழகு, பாசாயிடுவன்னாங்க. சொல்லிக் குடுக்கவே ஆளு இல்ல... அப்பறம் மெல்ல இன்னா, வேகமா இன்னா?

மதிவதனி: இப்ப யாரு எடுக்கறாங்க கணக்கு?

கன்னியம்மாள்: வெளையாட்டு சொல்லிக் குடுக்கற பி.டி. சாரு. பாவம், நல்ல மனுசன். போர்டுல விடைய எழுதிப் போட்டுட்டு, எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டு கிரவுண்டுக்கு ஓடுவாரு.

மதிவதனி: ம்... உங்க பொண்ணு பேரு விஜிதானே? டிவிக்காரங்ககிட்ட சொன்னீங்களே, எம் பொண்ணு பத்தாவதுன்னு.

கன்னியம்மாள்: ...ஆமா. விஜி.

மதிவதனி: கணக்கு எப்படி போடுவா?

கன்னியம்மாள்: போடுவா... டீச்சர் இருந்தா போடுவா. சரி, அத்த உடு. உனக்கு எத்தினி புள்ளைங்க?

மதிவதனி: ஒரே பொண்ணு.

கன்னியம்மாள்: போலீஸ்காரம்மா பொண்ணுன்னா டை கட்டிகினு, ஷூ போட்டுகினு, வேன்ல போவும்... எந்த கான்வென்ட்டு?

மதிவதனி: படிக்கிறா, ஏதோ... தண்ணி வேணுமாக்கா?

கன்னியம்மாள்: பாத்தியா பாத்தியா, பேச்ச மாத்தற!

கஜபதி: கன்னிம்மாக்கா! எக்கா! முடிஞ்சிடுச்சுக்கா!

கன்னியம்மாள்: இன்னா கஜபதி, இப்டி ஓடியாற? கல்வி ஆபீசராண்ட பேசப் போனியே, இன்னா சொன்னாரு?

கஜபதி: ஒத்துக்கினாரு! நாளிக்கே கணக்கு டீச்சர். எங்க கண்ணு முன்னாடியே போன் போட்டு பேசினாரு. கேசும் கெடையாதாம். சாயங்காலம் எல்லாரும் ஊட்டுக்குப் போலாம்.

கன்னியம்மாள்: நெசமாவா? உம் புள்ள மேல சத்தியமா?

கஜபதி: எம் புள்ள மேல சத்தியமாக்கா!

கன்னியம்மாள்: ஏ தாயம்மா! எறங்குடி கீழ! டீச்சர் வராங்களாம்டி! ...தா பாரு மேடம், கண்ணுல தண்ணி கொட்டுது எனக்கு.

மதிவதனி: சந்தோசம்க்கா. ரொம்ப சந்தோசம். புது போஸ்டிங்காண்ணே?

கஜபதி: புதுசு எங்க போடறாங்க மேடம்... டெபுடேசன். ஏரிக்கரை ஸ்கூல்ல கீற டீச்சர இங்க அனுப்பறாங்க. ராஜகுமாரி டீச்சராம். சூப்பரா நடத்துவாங்களாம்.

மதிவதனி: ராஜகுமாரி டீச்சரா?

கஜபதி: உங்களுக்குத் தெரியுமா?

மதிவதனி: ...வாரத்துல ரெண்டு மூணு நாளா? இல்ல...

கஜபதி: எல்லா நாளும்தான் மேடம்! பரிட்ச முடியற வரிக்கும் இங்கதான். நடுவுல போவ உட்டுடுவோமா? சரிக்கா, ஆம்பளைங்களாண்ட போய் சொல்லிட்டு வரேன்.

கன்னியம்மாள்: போ, போ... இன்னா மேடம்? ஏ மேடம்... மூஞ்சே செத்துப் போச்சு. ஒக்காரு இப்டி.

மதிவதனி: ஒன்னும் இல்லக்கா.

கன்னியம்மாள்: வெறும் வயித்துல நின்னா இப்டித்தான் ஆவும். இந்தா, ஒரு வாய் துன்னு...

மதிவதனி: அங்க வேற கணக்கு டீச்சர் இல்லக்கா.

கன்னியம்மாள்: எங்க?

மதிவதனி: ஏரிக்கரை ஸ்கூல்ல. அந்த ஒருத்தவங்கதான். ஒம்பதாவதுக்கும் அவங்கதான், பத்தாவதுக்கும் அவங்கதான்.

கன்னியம்மாள்: உனக்கு எப்டித் தெரியும்? என்னப் பாத்து சொல்லு.

மதிவதனி: என் பொண்ணு பிரியா அங்கதான் பத்தாவது படிக்கிறா.

கன்னியம்மாள்: ஐயையோ...

மதிவதனி: கான்வென்ட்டுக்கு நான் எங்கக்கா போவேன்? வாடகைக்கே சரியா போயிடுது. அவளுக்கும் கணக்குன்னா பயம்தான். நோட்ட தொறந்தாலே அழுவா. ராஜகுமாரி டீச்சர் வந்த பெறகுதான் உக்காந்து போடறா. அரையாண்டுல பாருங்கம்மா, எத்தன மார்க் எடுக்கறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கா.

கன்னியம்மாள்: காத்தாலேர்ந்து ஒரு வார்த்த சொல்லலியே நீ...

மதிவதனி: யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு என்னன்னு சொல்ல? எனக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்கிற பொண்ணு இருக்கு, நல்லா கத்துங்கன்னா? உங்கள வேன்ல ஏத்தும்போது மனசுக்குள்ள அப்படித்தான்க்கா நெனச்சேன். இவங்களுக்கு ஒரு டீச்சர் கெடைக்கணும்னு... நெசமாவே வேண்டிக்கிட்டேன்.

கன்னியம்மாள்: நாங்க டீச்சர்தாம்மா கேட்டோம். உம் பொண்ணோட டீச்சர கேக்கல.

மதிவதனி: தெரியும்க்கா.

கன்னியம்மாள்: இப்பவே கஜபதிய கூப்புட்டு வேணாம்னு சொல்லிடறேன். ஆபீசராண்ட நானே போறேன்...

மதிவதனி: சொல்லிட்டு? உங்க புள்ளைங்களுக்கு யாரு வருவா? மறுபடியும் பி.டி. சாரா? எனக்குக் கோவம் வருது. வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க மேல இல்ல. நீங்க வீட்டுக்குப் போங்க. டீச்சர் வராங்கடின்னு விஜிகிட்ட சொல்லுங்க. உங்க வீட்டுலயாவது ஒரு பொண்ணு இன்னிக்கு நிம்மதியா தூங்கட்டும்.

கன்னியம்மாள்: விஜியாண்ட சொல்ல ஒன்னும் இல்லம்மா.

மதிவதனி: ஏன்க்கா?

கன்னியம்மாள்: அவ ஸ்கூல்ல இல்ல. போன வருசம் கணக்குல போச்சுன்னேனே... அதுல அவளும் ஒருத்தி. திருப்பி எழுதுடின்னா, இனிமே பரிட்சயே வேணாம்மான்றா. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல துணி கம்பெனில பட்டன் வெச்சிகினு கீறா. படிக்கிற புள்ள இல்லாதவளுக்கு இங்க இன்னா வேலன்னு கேட்டுடுவாங்களேன்னுதான் டிவில அப்டி சொன்னேன்... பிரியாவ நான் அந்தக் கம்பெனி வேன்ல பாக்கக் கூடாது. நீ ரோட்டுல ஒக்கார முடியாது, நான் ஒக்கார்றேன். நாளிக்கு ஏரிக்கரை ஸ்கூலாண்ட, அங்கயும் ஒரு டீச்சர் கேட்டு. எனக்கு எந்த ஸ்கூலா இருந்தா இன்னா மதி... எதுலயும் எம் புள்ள இல்ல.