நம்ம பக்கம்

அறுபதுகளின் கடைசியில், பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ் மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டி நம் பக்கத்துக்குள் நுழைந்தபோது காதில் விழுந்தது இது. எனக்கு முன் சீட்டில், காலித் தூக்குப்போசியை மடியில் வைத்திருந்த பெண் பக்கத்தில் இருந்த பர்கூர்க்கார அம்மாள் ஒருவரிடம் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரை நம்ம பக்கத்து ஜெயிலுக்கே மாத்தறாங்கக்கா. இனிமே அவரைப் பாக்கறதுதான் கஷ்டம்."

நான் வாரப் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"நம்ம பக்கம் வர்றதுல என்னம்மா கஷ்டம்?"

"அடிதடி கேசுல பெங்களூரு ஜெயில்ல இருக்காரு. எங்களுக்கு உத்தனப்பள்ளி. காலையில களி கிண்டி வெச்சிட்டு பஸ் ஏறினா, அவரைப் பாத்துட்டு பொழுது சாய வீடு வந்துருவேன். இனிமே கோயமுத்தூராம். போயிட்டு வர ரெண்டு நாளாவும்."

"அடப்பாவமே! யாரு மாத்தச் சொன்னது?"

"அவரேதான் மனுப் போட்டாரு. தமிழ்நாட்டுக்கு வந்துட்டா வீட்டுக்குக் கிட்ட இருக்கலாம்னு நெனைச்சிட்டாரு. உத்தரவு வந்ததும் நானும் பிள்ளையாருக்குத் தேங்கா உடைச்சேன். இன்னிக்கு வாசல்ல வார்டர் சொல்லித்தான் கோயமுத்தூர்னே தெரியும்."

"உள்ள போயி அவர்கிட்ட சொன்னியா?"

தூக்குப்போசியின் மூடியை அவள் திறந்து திறந்து மூடினாள்.

"கம்பிக்கு அந்தப் பக்கம் சிரிச்சிக்கிட்டு நின்னாருக்கா. எந்த ஜெயில்னு அவருக்கு இன்னும் தெரியாது. 'நம்ம பக்கமே வந்துடறேன், இனிமே வாராவாரம் வந்துருவ இல்ல?'ன்னு கேட்டாரு. வந்துர்றேன்னுட்டேன்."