போத்தல் வீட்டுப் பொன்னி

இராசாத்தி: முதல் தேத்தண்ணியக் குடிங்க.

அழகரத்தினம்: அது கிடக்கட்டும். பொன்னி எங்க புள்ள? போத்தல் சும்மா கிடக்கு.

இராசாத்தி: பாசிக்குடாவில இருந்து ஒரு கிழமைக்குப் பிறகு வாறீங்க... பெண்சாதி எப்பிடி எண்டு கேக்கல்ல. சிலந்தியத் தேடுறீங்க.

அழகரத்தினம்: நீ முன்னுக்கு நிக்கிறாய். அதத்தானே காணல்ல... கரப்பான் பிடிச்சுக் குடுத்தியா?

இராசாத்தி: குடுத்தன். தொட்டும் பாக்கல்ல. பிறகு ஒரு நாள் மல்லாந்து...

அழகரத்தினம்: மல்லாந்தா?

இராசாத்தி: எட்டுக் காலும் மேல. இந்தாங்க... கடதாசில சுத்தி வெச்சிருக்கன்.

அழகரத்தினம்: ஐயோ, என்ர பொன்னி... மெலிஞ்சு, பஞ்சு மாதிரிக் கிடக்கே.

இராசாத்தி: உங்களக் காணாத ஏக்கமாக்கும்.

அழகரத்தினம்: பகிடி விடாத. நீதானே, சனியனக் கொண்டுபோய் எறிங்க எண்டு நிண்ட நீ. வீட்டச் சுனாமி கொண்டுபோச்சு. சண்டைக்குப் பயந்து ஓடி, திரும்பி மாங்கேணிக்கு வந்தா, வளவில மிச்சம் ஒரு பட்ட பாலைமரம். அதுர பொந்துக்குள்ள இது. நாய் பூனை கூட இல்லாத காணியில எனக்குத் துணை இதுதான்...

இராசாத்தி: அந்தத் துணையத்தான் பாசிக்குடா ஹோட்டல்ல நிக்கிற வெள்ளைக்காரனுக்குக் குடுக்கப் பாத்தீங்களாக்கும்?

அழகரத்தினம்: ஆரு... ஆரு சொன்ன?

இராசாத்தி: அங்க வேலை செய்யிற அஜந்தா. அவன் ஊரில வீடு நிறையச் சிலந்தி வளக்கிறானாம். பொன்னியக் குடுத்தா வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கித் தாறானாம். இண்டைக்குப் பின்னேரம் வாறானாம்.

அழகரத்தினம்: கேட்டான். நான் தலையாட்டினதும் உண்மைதான்.

இராசாத்தி: பாத்தீங்களா.

அழகரத்தினம்: முழுக்கக் கேள் புள்ள... பிறகு மனசு கேக்கல்ல. காலையில அவனுக்கிட்டப் போய், பொன்னி செத்துப்போச்சு, வராத எண்டு பொய் சொல்லிப்போட்டு வந்தன். இப்ப என்ர கருநாக்குப் பலிச்சிட்டு.

இராசாத்தி: ...மெய்யாத்தானா? அவன் வரமாட்டானா?

அழகரத்தினம்: திருகோணமலைக்குப் போயிட்டான். எஞ்சினும் போச்சு, பொன்னியும் போச்சு. மண்வெட்டிய எடு. பாலையடியில புதைப்பம்.

இராசாத்தி: மண்வெட்டி வேணாம். அந்த மூலையில கிடக்கிற வெறும் பானைய மெதுவாத் திறங்க... கை வைக்காதீங்க, புதுத் தோல் இன்னும் காயல்ல. உங்கட கையில இருக்கிறது அவள் கழட்டிப் போட்ட பழைய சட்டை. நீங்க வெள்ளைக்காரனுக்குச் சொன்ன அதே பொய்யத்தான் நான் உங்களுக்குச் சொன்னன்.