பஞ்சுப்படி

நாற்காலி போட்டதற்கு நன்றி. மழை பிடித்தால் என் வலது முழங்கால் மடங்காது. கீழே உட்காரச் சொல்லியிருந்தால் தூக்கிவிட ஏட்டு இரண்டு பேர் வேண்டியிருக்கும். சின்ன வயதில் குவாரியில் ஜல்லி உடைக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்த கால். அதற்கெல்லாம் யாரும் படி கொடுத்ததில்லை.

அருள்குமார் செத்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதில் ஒரு சொல் பிழை. முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் அது எந்தச் சொல் என்று விளங்கும்.

மாரண்டஹள்ளி ரோட்டில் இருக்கிற எங்கள் கிரானைட் பட்டறையில் நான் பாலீஷ் மிஷின் ஓட்டுகிறேன். எங்களிடம் ஸ்லாப் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், முதலுதவி படித்த ஆள் ஒருவராவது பட்டறையில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் ஷெட்டுக்கு வந்து, பயிற்சிக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாதம் அறுநூறு ரூபாய் படி என்றார். அத்தனை கையும் மேலே போனது. பத்தாவது வரை படித்தவன் என்று என்னை அனுப்பினார்.

ஓசூரில் பயிற்சி. ஜாஸ்மின் என்று ஒரு நர்சம்மா நடத்தினார். மதியம் பிரியாணி போட்டார்கள். தின்றுவிட்டு மற்ற கம்பெனி ஆட்கள் வாயைப் பிளந்து தூங்கினார்கள். கடைசியில் அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவன் நான் ஒருவன்தான்.

திரும்பி வந்ததும் சட்டையில் பச்சை பேட்ஜ், இடுப்பில் மருந்துப் பெட்டிச் சாவி. அதுவரை எங்கள் ஷெட்டில் வெட்டுக்காயம் பட்டால் காப்பித்தூளை அப்புவார்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பு. அந்த அழுக்கையெல்லாம் கழுவிப் பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டவன் நான். நன்றி சொல்லத் தெரிந்த கூட்டம் இல்லை அது. ஒருநாள் சோற்று வேளையில் அருள்குமார் சொன்னான்:

"கவருமெண்டு உத்தியோகத்துல இருக்கறவங்களுக்குப் பஞ்சப்படி. நம்ம மாதவண்ணனுக்குப் பஞ்சுப்படி."

ஷெட்டே சிரித்தது. சோறு புரையேறி ஒருவன் இருமினான். அன்றிலிருந்து என் பெயர் பஞ்சுப்படி. கேட்டில் நிற்கிற வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். முதுகு பிடித்துக்கொண்டால், "பஞ்சுப்படி, கொஞ்சம் எண்ணெ தேச்சு வுடுண்ணா, காசு வாங்கற இல்ல?" என்று படுத்துக்கொள்வார்கள். தேய்த்தும் விட்டேன்.

அருள்குமாருக்கு வாய்தான் மூலதனம். லோடு ஏற்றுகிறவன். தீபாவளி போனஸ் பேசப் போன இடத்தில் மேனேஜரிடம், "ஒரு வருசமா யாருக்கும் ஒண்ணும் ஆவுலைங்க சார். ஆவாததுக்கு எதுக்குங்க காசு? அதப் பிரிச்சு எல்லாருக்கும் சாயங்காலம் டீயாப் போட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறான். மாதம் அறுநூறு மிச்சம் என்றால் எந்த மேனேஜர் விடுவார்? அந்த மாதமே படியை நிறுத்தினார். "பேட்ஜு மட்டும் போட்டுக்கிட்டு இருங்க மாதவராஜ், ஆடிட்டுக்கு வேணும்" என்றார். டீயும் வரவில்லை. அதைக் கேட்க ஒருவனுக்கும் வாய் எழவில்லை.

ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டவன் ஒருவன் இருந்தான் என்பது அந்த மண்டைகளில் ஏறாது. தரையில் கல் சேறு வழுக்கினால் வழிக்கச் சொன்னது நான். ஸ்லாப் சாய்த்து வைக்கிற இரும்பு ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்து, வெல்டிங் விட்டிருந்தால் சொன்னதும் நான். படி நின்றதும் தட்டிப் பார்ப்பதை நிறுத்தினேன். லாரிப் பக்கத்து ஸ்டாண்டில் ஒரு கம்பி ஆடிக்கொண்டிருந்தது என் கண்ணில் பட்டது. படி வாங்குகிறவன் சொல்லவேண்டிய விஷயம் அது. நான் என் மிஷினைப் பார்த்தேன்.

அருள்குமார் லாரியிலிருந்து வழுக்கி அந்த ஸ்டாண்டின் மேல்தான் விழுந்தான். ஆடின கம்பி அவன் தொடையில் குத்தி ஏறி, வெல்டிங் விட்டு அவனோடு வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே, தொடையின் உள்பக்கம். ரத்தம் அதிகம் இல்லை. ஆள் தெளிவாக இருந்தான். என்னைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

"வாண்ணா பஞ்சுப்படி. இன்னைக்கித்தான் உனக்கு வேல வந்துருக்குது."

நூற்றெட்டுக்கு யாரோ போன் போட்டார்கள். பாலக்கோட்டிலிருந்து வரவேண்டும். கூட்டம் ஆளுக்கு ஒன்று சொன்னது. அருள்குமாரின் பெண்டாட்டி தேவிப்பிரியாவின் தம்பி மாதேஷும் எங்கள் ஷெட்டில்தான் வேலை. பென்னாகரம் பக்கம், காட்டில் ஆடு மேய்த்து வளர்ந்த பையன். முள் குத்தினால் அந்த நொடியே பிடுங்கி எறிந்துவிட்டு நடப்பவர்கள். குத்தியது உடம்பில் இருந்தால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது. அவன் கம்பியைப் பிடித்துவிட்டான். பிடித்த பிறகு பயந்து என் பேட்ஜைப் பார்த்தான்.

"அண்ணா, மாமாவுக்கு வலிக்குது. புடுங்கிடட்டுங்களா?"

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பட்டறையில் அப்படி ஒரு மரியாதை எனக்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை. அருள்குமாரும் பார்த்தான். "பாத்துச் சொல்லுண்ணா" என்றான். நக்கல் இல்லாமல் அவன் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"புடுங்கு" என்றேன்.

மாதேஷ் பிடுங்கினான். பையனுக்கு நல்ல கை வலு. அதன் பிறகு ஆனதை எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பஞ்சு முழுவதையும் காயத்தில் வைத்தேன். ஒரு சுருள்கூட மிச்சம் வைக்கவில்லை. அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ் கேட்டில் நுழையும்போது அவன் கண் திறந்தபடி இருந்தது. ஆனால் பார்க்கவில்லை.

மாதேஷ் இப்போது சோறு தண்ணி இறங்காமல் கிடக்கிறானாம். அக்காள் தாலியை அறுத்தவன் என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்களாம். சாவுக்குப் போனேன். தேவிப்பிரியா என்னைக் கும்பிட்டு, "நீங்க இருந்தும் இப்பிடி ஆயிப் போச்சேண்ணா" என்று அழுதாள். மூளை இருந்தால் அந்த 'இருந்தும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே யோசித்திருப்பாள். யாரும் யோசிக்கவில்லை. நீங்களும்தான்.

ஓசூர் பயிற்சியில் கடைசியாக அந்த நர்சம்மா ஒரு வாழைத்தண்டில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தி, இப்போது என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். நான் எழுந்து நின்று சொன்னேன்: "புடுங்கக்கூடாதுங்க. குத்தினதுதான் அடைப்பு. ஆடாம சுத்தித் துணி வெச்சுக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்." எனக்காகக் கை தட்டச் சொன்னார். தூங்கினவர்களும் முழித்துத் தட்டினார்கள்.

நான் பிடுங்கச் சொன்னதை நீங்கள் 'விவரம் தெரியாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு 'தெரிந்தே' என்று போடுங்கள். காப்பித்தூள் அப்புகிற கூட்டத்தோடு என்னைச் சேர்க்காதீர்கள். கம்பியில் நான் கை வைக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், அது முக்கியம்.

மேனேஜரைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றுதானே நிறுத்தினார்? அருள்குமார் விழுந்த மாதம் ஆயிற்று. பெட்டியைத் திறந்து வேலையும் பார்த்திருக்கிறேன். அந்த மாதத்துப் படி அறுநூறு ரூபாய் எனக்கு இன்னும் வரவேண்டும்.