அஞ்சலை அப்பாவின் பெயர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் மாதர் சங்கத்தின் விளக்காய் விளங்குகின்ற திருமதி குணபூசணி அம்மையார் அவர்களே! முன் வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே! கிள்ளானிலிருந்து காலை வண்டி பிடித்து, கைக்குடையும் கைக்குழந்தையுமாய் வந்து சேர்ந்திருக்கும் சகோதரிகளே! பிள்ளையைப் பெற்று, பேணி வளர்த்து, அடுத்த வாரம் அதே பிள்ளையைப் பள்ளிச் சேர்க்கைப் பரீட்சை மண்டபத்துக்கு அனுப்பப்போகும் பயத்தில் இப்போதே வாடிப்போயிருக்கும் என் தாய்மார்களே! என்ஜின் ஷெட்டிலிருந்து வேலை உடுப்போடு வந்து பின்சுவரில் சாய்ந்து நிற்கும் ரயில்வேத் தோழர்களே! அந்தத் தோழர்களுக்கு நடுவே, தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்து நிற்கிற என் வீட்டுக்காரர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

பார்த்தீர்களா? தலைவர் அம்மையாரைப் பெயர் சொல்லி வாழ்த்தினேன். தூணுக்குப் பின்னால் நிற்பவரை மட்டும் "வீட்டுக்காரர்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஏன்? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். ஆமாம் அக்கா, பரீட்சையைப் பற்றியும்தான். இரண்டும் ஒரே கதை. பொறுமையாகக் கேளுங்கள்.

அம்மா, அந்தக் குழந்தை அழுதால் அழட்டும், வெளியே தூக்கிப் போகாதீர்கள். அழுகிற குழந்தைக்கும் சேர்த்துத்தான் இந்தக் கூட்டம்.

என் மகள் அஞ்சலையை இங்கே பலருக்குத் தெரியும். மிஷன் பள்ளியில் படிக்கிறாள். இன்று நடையில் ஒரு நிமிர்வு, நாவில் ஆங்கிலம், நாலு பேர் முன் நடுங்காத நெஞ்சு. ஆனால் அவளை அந்தப் பள்ளியில் சேர்க்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, சொல்லி மாளாது. உங்களுக்குத் தெரியாததா? வாசலில் நிற்பவர்கள் ஒரு ஊர் ஜனம். உள்ளே இருப்பவை ஒரு கைப்பிடி இடங்கள். சீனர் பிள்ளை வருகிறது, குமாஸ்தா பிள்ளை வருகிறது, கடைக்காரர் பிள்ளை வருகிறது. அத்தனை பேருக்கு நடுவே என் பிள்ளையும் வந்தாள். ரயிலில் நிலக்கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் வீட்டுப் பிள்ளை! ஏன் வரக் கூடாது? யார் வரக் கூடாது என்று சொன்னது?

வந்தால் போதுமா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாமா? நான் தமிழ்ப் பள்ளியில் கொஞ்சம் படித்தவள். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது ரயில் நேரம் மட்டும்தான். அப்போது எங்கள் ரயில்வே கோட்டர்ஸில் அடுத்த வாசலில் இருந்தவர்தான் நம் தலைவர் அம்மையார். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்தவர். அவர் கணவர் ரயில்வே ஆபீசில் பெரிய கிளார்க். அவர்களுடைய மூத்த மகள் ஏற்கெனவே அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கேட்டேன். அம்மையார் ஒரு நொடி யோசிக்கவில்லை. "பிள்ளையைக் கொண்டு வாங்கோ. என்ர மகளோட இருந்து படிக்கட்டும்" என்றார். கைம்மாறு கேட்டாரா? ஒரு டம்ளர் மோர்கூட வாங்கிக் குடிக்கவில்லை!

அம்மையார் கற்றுக்கொடுத்த முறை என்ன தெரியுமா? தலைவர் அவர்களே, கோபித்துக்கொள்ளக் கூடாது, சொல்லித்தான் ஆக வேண்டும். "ஒற்றைச் சொல்லிலை மறுமொழி சொல்லப்படாது பிள்ளை. முழு வசனமாச் சொல்லோணும்" என்பார். உன் பெயர் என்ன என்று கேட்டால் அஞ்சலை என்று மட்டும் சொல்லக் கூடாது. "மை நேம் இஸ் அஞ்சலை" என்று நீட்டி நிமிர்த்திச் சொல்ல வேண்டும். அம்மையார் மகள் முன்னே சொல்வாள், என் மகள் பின்னே சொல்வாள். இரண்டு குரலும் சேர்ந்து சுவர் தாண்டி என் அடுப்படிக்கு வரும். அரிசி களைந்துகொண்டே நான் கேட்பேன். அர்த்தம் புரியாது. ஆனாலும் என் நெஞ்சு நிறையும், கண்ணும் நிறையும். வாய்ப்பாடு வந்தது, வாசிப்பு வந்தது, வெள்ளைக்கார ராஜாவின் பெயர் வந்தது, ராஜாவின் அப்பா பெயரும் வந்தது. இனி என்ன கவலை?

பரீட்சை நாள் வந்தது. என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. கிள்ளான் சரக்கு வண்டியில் வேலை. விடியலில் கிளம்பும்போது மகளின் கன்னத்தைத் தட்டி, "தைரியமா பேசு கண்ணு. தப்பாப் போனாலும் பரவாயில்ல லா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, போகிற வழியெல்லாம் கந்தசாமியைக் கும்பிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீண்ட மேசை. நடுவில் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை. பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல மகதலேனா என்று நம்மவள் ஒரு டீச்சர், வேதக்காரப் பெண், கனிந்த முகம். பின்னால் பெஞ்சில் மற்ற தாய்மார்கள். என் மகள் நடுவில் நின்றாள். கணக்குக் கேட்டார்கள், சொன்னாள். வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தாள். நான் மூச்சு விட்டேன். அப்போது அந்த வெள்ளைக்காரத் துரைசாணி சிரித்த முகத்தோடு ஒரு கேள்வி கேட்டார். பரீட்சையிலேயே மிகச் சுலபமான கேள்வி அதுதான். உன் அப்பா பெயர் என்ன?

என் மகள் நெஞ்சை நிமிர்த்தினாள். முழு வசனமாகச் சொன்னாள். "மை ஃபாதர்ஸ் நேம் இஸ் மிஸ்டர் கனகலிங்கம்!"

சிரிக்காதீர்கள்! தலைவர் அம்மையார் முகத்தை மூடிக்கொண்டார், பாருங்கள். மிஸ்டர் கனகலிங்கம் யார்? அவர் கணவர், இதோ முன் வரிசையில் இருக்கிறாரே, அவர்தான்! அம்மையார் மகள் தன் அப்பா பெயரைச் சொல்ல, என் மகள் அதை அப்படியே பின்பாட்டுப் பாடியிருக்கிறாள். பிள்ளைக்கு அது ஒரு பாடம். ராஜா பெயர் எப்படியோ, இதுவும் அப்படி!

ஏன் அவளுக்குத் தன் அப்பா பெயர் தெரியவில்லை? தாய்மார்களே, உங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நம் வீட்டில் அந்தப் பெயரை யார் சொல்கிறார்கள்? நான் சொல்வேனா? "ஏங்க" என்பேன், "இவங்க" என்பேன், "அஞ்சலை அப்பா" என்பேன். பாசாரில் மீன்காரனுக்கு அவர் ஃபயர்மேன். கோட்டர்ஸில் எல்லாருக்கும் அண்ணே. கணவன் பெயர் மனைவி வாயில் வந்தால் அவன் ஆயுள் குறையும் என்று என் அம்மா சொன்னாள், அவளுக்கு அவள் அம்மா சொன்னாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் என்ன செய்கிறோம்? பக்கத்தில் நிற்பவளை ஒரு பார்வை பார்க்கிறோம். அவள் நம் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வாள், நாம் அவள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வோம். சாமிக்கும் பெயர் போய்ச் சேர்ந்துவிடும், புருஷனுக்கும் பங்கம் வராது. எவ்வளவு சாமர்த்தியம் நமக்கு!

ஆனால் அந்த மண்டபத்தில்? துரைசாணியின் சிரிப்பு மறைந்தது. அவருக்குக் கனகலிங்கத்தைத் தெரியும், அவர் மகளையும் தெரியும். "இந்தக் குழந்தையை யார் இப்படிப் பொய் சொல்லப் பழக்கியது?" என்று கேட்டாராம். பெரிய கிளார்க் மகள் என்று சொன்னால் இடம் கிடைக்கும் என்று நாங்கள் திட்டம் போட்டதாக நினைத்துவிட்டார். பொய் சொல்லும் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இடம் இல்லை. மகதலேனா டீச்சர் எழுந்து என்னிடம் வந்தாள். "அக்கா, பயப்படாதீங்க. அஞ்சலை அப்பா பேரு என்னா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! நான் பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் இருந்தவள் ஒரு சீன அம்மாள். பாவம், அவளுக்கு என் வீட்டுக்காரர் பெயர் எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் திரும்பினேன், அங்கே சுவர்தான் இருந்தது. பின்பெஞ்சில் முணுமுணுப்புக் கிளம்பியது. அப்பன் பெயர் பிள்ளைக்கும் தெரியவில்லை, ஆத்தாளுக்கும் தெரியவில்லையா என்று யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. துரைசாணி பேனாவை எடுத்தார்.

தாய்மார்களே! ஒரு பக்கம் என் பிள்ளையின் படிப்பு. மறுபக்கம்? அந்த நேரத்தில் கிள்ளான் பாதையில், கொதிக்கிற கொதிகலனுக்கு முன்னால், நெருப்புக் கதவைத் திறந்து திறந்து கரி போட்டுக்கொண்டிருந்தாரே, அவர் உயிர். படித்தவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் நம்பினேன். முழுமனதாய் நம்பினேன். பிள்ளையா, புருஷனா என்று ஒரு பெண்ணைக் கேட்டால் அவள் எதைச் சொல்வாள்? என் மகளைப் பார்த்தேன். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல், இரட்டைப் பின்னலோடு உதடு பிதுங்கி நின்றாள்.

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, கந்தசாமி காலைப் பிடித்துக்கொண்டு, அவர் பெயரைச் சொன்னேன்.

என் மகள் சட்டென்று திரும்பினாள். "அம்மா, நம்ம அப்பாவுக்குப் பேரு இருக்கா?" என்றாள்.

மகதலேனா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என்னிடம் விசாரித்து, நம் வழக்கத்தை, பின்பாட்டை, எல்லாவற்றையும் துரைசாணிக்கு எடுத்துச் சொன்னாள். துரைசாணி பேனாவைக் கீழே வைத்தார். மகளைக் கிட்டே கூப்பிட்டு, உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். அதற்கு அம்மையார் பாடம் கிடையாது! அவளே தேடினாள், தெரிந்த சொற்களைத் தானே கோத்தாள். "மை ஃபாதர் கிவ்ஸ் ஃபயர் டு தி டிரெயின்." என் அப்பா ரயிலுக்கு நெருப்புக் கொடுக்கிறார். மனப்பாடம் இல்லாமல், அவள் சொந்தமாய்ச் சொன்ன முதல் ஆங்கில வசனம் அது. துரைசாணி அவள் தலையைத் தொட்டார்.

வெளியே அந்த ரயில் போகட்டும், கொஞ்சம் இருங்கள். நம் ஊரில் பேச்சு நிற்கலாம், வண்டி நிற்கக் கூடாது.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். இடம் கிடைக்குமா என்று நினைத்தேனா? இல்லை. அவர் வருவாரா என்றுதான் நின்றேன். கிள்ளான் பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது, அதில் அவர் இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. இனி உங்கள் பெயரை இந்த ஜென்மத்தில் சொல்லமாட்டேன் என்று அழுதுகொண்டே நின்றேன். கடைசியில் ஒரு சரக்கு வண்டி பெருமூச்சு விட்டு வந்து நின்றது. கரி முகம், வெள்ளைப் பல். இறங்கி ஓடி வந்தார். "என்னா புள்ள, ஏன் அழுவுற? எடம் கெடைக்கலியா? போனாப் போவுது."

"நான் உங்க பேரைச் சொல்லிட்டேங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. மகள் கதையைச் சொன்னாள். சிரிப்பார் என்று நினைத்தேன், திட்டுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. அந்தக் கரி முகத்தில் கண்ணீர் இறங்கியது. "ரப்பர் தோட்டத்துல இருந்தப்போ ‘ஏய்’னான். ஷெட்டுல ‘ஃபயர்மேன்’னான். வீட்டுல ‘ஏங்க’ன்ற. எங்க ஆத்தா செத்ததுலேர்ந்து என் பேரை வாய்விட்டு யாரும் சொல்லி நான் கேக்கல புள்ள. எங்க, இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. முயன்றேன், வரவில்லை. மகள்தான் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி முழு வசனமாய்ச் சொன்னாள்.

மகளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு எங்களோடு பெஞ்சில் இருந்த பல பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சீன அம்மாளின் மகள் அழுதுகொண்டே போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. என் பிள்ளையைவிட அவள் எந்த விதத்தில் குறைந்துபோனாள்? அடுத்த வாரம் உங்கள் பிள்ளைகளிலும் சிலர் அப்படித் திரும்பி வருவார்கள். வரும்போது வாசலில் நின்று "கிடைத்ததா" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா" என்று கேளுங்கள். கடலுக்கு அப்பால் இருக்கிற ராஜாவின் வம்சத்தைக் கற்றுக்கொடுக்கிறோம். கற்றுக்கொடுங்கள், வேண்டும்! கூடவே, தனக்காக வெந்துபோகிற அப்பனின் பெயரையும் அவன் செய்கிற வேலையையும் சொல்லிக்கொடுங்கள். எந்தத் துரை மேசை முன்னாலும் என் பிள்ளை அதைத் தலை நிமிர்ந்து சொல்லட்டும்! உங்கள் பிள்ளை சொல்லட்டும்! நம் பிள்ளைகள் அத்தனை பேரும் சொல்லட்டும்!

யார் அங்கே? என்ன கேட்டீர்கள்? "நீங்க மொதல்ல சொல்லுங்க பார்ப்போம்" என்றா? மாரியாயி அக்காவா! நல்ல கேள்வி. நியாயமான கேள்வி.

ஆயுள் குறைந்ததா என்று நீங்களே திரும்பிப் பாருங்கள். ஆயுள் குறையவில்லை, தூணுக்குப் பின்னால் மறையாத அளவுக்கு ஆள்தான் பெருத்திருக்கிறார். அன்று பிளாட்பாரத்தில் கேட்டதை வருஷக்கணக்காய்க் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சோறு போடும்போது கேட்பார், வேலைக்குக் கிளம்பும்போது கேட்பார். அன்று பயந்து சொன்னேன். இன்று ஆசையோடு சொல்லப்போகிறேன். ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட தலைவர் அம்மையார் அவர்களே, நன்றி. அம்மையாரின் கணவர் திரு. கனகலிங்கம் அவர்களே, எங்கள் மகள் கொஞ்ச நேரம் உங்கள் பெயரை இரவல் வாங்கியதற்கு நன்றி. பெரியோர்களே, தாய்மார்களே, தோழர்களே, நன்றி. தூணை விட்டு முன்னால் வாருங்கள், எல்லாரும் பார்க்கட்டும்.

ரயிலுக்கு நெருப்புக் கொடுக்கும் என் அஞ்சலையின் அப்பா, திரு. தம்புசாமி அவர்களே! உங்களுக்கு என் வணக்கம்.