பஸ்தியா தொரை போட்ட நாடகம்

இல்ல சாமி, தொரை பாண்டிச்சேரிக்காரரு இல்ல. அங்க கப்பல்ல வந்து எறங்கினாரு, அவ்ளோதான். பொறந்தது பிரான்சு தேசத்துல, மலை ஓரமா ஏதோ ஒரு ஊரு. பஸ்தியேன் மொரேல்னு பேரு. ஆம்பூர்ல யாரு வாயில அது நொழையும்? பஸ்தியா தொரைன்னு ஆக்கிட்டாங்க.

பரவால்ல, நின்னுக்கினே சொல்றேன். நீங்க இந்த மாதா கோயிலுக்குப் புதுசா வந்த சாமியாரு. ஊருல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி எங்கிட்டேர்ந்து கேட்டுக்கோங்க. எம் பேரா? சவுரியம்மா. அப்பல்லாம் தோலு பதம் பண்ற ஷாப்புல, அதுக்குப் போடற ஆவாரம் பட்டை இடிச்சுக்கினு இருந்தேன்.

தொரையோட அப்பாவும் அந்த ஊருல தோல் பதம் பண்றவருதான். குளுருக்குக் கையில மாட்டுவாங்களாமே உறை, அதுக்கு ஆட்டுத் தோலு. இவருக்கு அந்த நாத்தமே ஆவல. பாரீசுக்கு ஓடிப் போய்ட்டாரு. அங்க ஒரு நாடகக் கொட்டாயில வெளக்கு ஏத்துற வேலைக்குச் சேந்து, அப்பால தானே எழுதி, தானே ஆளுங்கள நிக்க வெச்சு நாடகம் போட ஆரம்பிச்சுட்டாரு. மொதல்ல போட்டதெல்லாம் நல்லா ஓடிச்சாம். பேப்பர்லகூட எழுதினாங்களாம். அப்பால ஒரு நாடகத்துல யாரோ மந்திரிய கிண்டல் பண்ணிட்டாரு. போலீசு வந்து கொட்டாய இழுத்து மூடிட்டாங்க. கூட இருந்த தோஸ்துங்க ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க. சோத்துக்கே பேஜார். கடைசில எந்த நாத்தத்துக்குப் பயந்து ஓடினாரோ அதுதான் சோறு போட்டுச்சு. தொட்டுப் பாத்தே தோலு தரம் சொல்ற ஆளுன்னு ஒரு கம்பெனி அவர இங்க அனுப்பிச்சு. பெரிய ஜெர்மன் சண்டைக்கு முன்னாடி சாமி இது.

நாடகத்த மறந்துட்டுதான் கப்பல் ஏறினேன்னு சொல்லுவாரு. எங்க மறந்தாரு. மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது கவுஸ் பாஷா, தோலுல சதை வழிக்கிறவன், மேஸ்திரி மாதிரியே நடந்து காட்டுவான். நாங்க சிரிச்சுக்கினு இருப்போம். தொரை ஒரு நாள் அதப் பாத்துட்டாரு. மறுநாளும் வந்து ஒக்காந்தாரு. அப்பால ஆதிகேசவன்னு தோலு மூட்டை கட்டுற ஒருத்தன், அவனையும் சேத்துக்கினு குடோன்லயே நாடகம் பழக்க ஆரம்பிச்சுட்டாரு. ராஜா வேசம் வேணும், கிரீடம் வேணும்னாங்க இவங்க. ராஜாவ நீங்க பாத்ததே இல்ல, மேஸ்திரிய தெனம் பாக்குறீங்க, அவனப் போடுங்கன்னாரு. தமிழு அரைகுறைதான். கோவம் வந்தா மட்டும் சுத்தமா வரும்.

எல்லாம் சிரிப்பு நாடகம். ஜனங்களுக்குப் புடிச்சுப் போச்சு. வாணியம்பாடி, ஆலங்காயம்னு கூப்ட்டு அனுப்பினாங்க.

அப்பதான் எம் புருசன் சின்னப்பன் செத்துப் போய்ட்டாரு. மழை, ஒரே வழுக்கல். சுண்ணாம்புத் தொட்டியில வுழுந்துட்டாரு. மயிரு கழலறதுக்குத் தோலு ஊற வெப்பாங்களே, அந்தத் தொட்டி. தூக்கும்போது உசுரு இருந்துச்சு. சாயங்காலம் இல்ல. குடிச்சுட்டு வுழுந்தான்னு மேஸ்திரியும் கணக்கப்புள்ளையும் சொல்லிட்டாங்க. அவரு குடிக்கிற ஆளே இல்ல சாமி.

தொரை எழவுக்கு வந்தாரு. கொஞ்ச நாள் கழிச்சு வந்து, ஒம் புருசன் கதைய எழுதியிருக்கேன், போடலாமான்னு கேட்டாரு. எனக்கு எரிஞ்சுது. எங்க வீட்டுப் பொணத்த வெச்சுக் கூத்து ஆடப் போறியான்னு கேட்டுட்டேன். தலைய குனிஞ்சுக்கினு, வேணாம்னா கிழிச்சுர்றேன்னாரு. அவரு போனப்பறம் யோசிச்சேன். குடிகாரன்னு ஊரே நம்பிக்கினு இருக்கு. இல்லன்னு நான் யாருகிட்ட போய் சொல்றது? சரின்னேன். ஆனா பொண்டாட்டி வேசத்த எவனும் மீசைய மழிச்சுக்கினு கட்டக் கூடாது, நானே நிக்கிறேன்னேன்.

ஆமா சாமி. பொம்பள, மேடையில. அந்தக் காலத்துல.

பழக்கும்போது அழுதுடுவேன். வேணாம் சவுரி, நீ அழுதா ஜனங்க பாவப்பட்டுட்டு வீட்டுக்குப் போய்டுவாங்க, இன்னா நடந்துச்சோ அத சொம்மா சொல்லுன்னாரு. மேடையிலயும் அப்டியே சொன்னேன். முன்னாடி வரிசையில மேஸ்திரி, கணக்கப்புள்ள எல்லாம் ஒக்காந்திருந்தாங்க. எம் புருசன் குடிக்கலன்னு அவங்களப் பாத்து சொல்லிட்டு நின்னேன். அதோட நாடகம் முடிஞ்சுது. யாரும் கை தட்டல. யாரும் எழுந்திரிக்கவும் இல்ல. பாதிப் பேருக்கு முடிஞ்சதே தெரியலன்னு கவுஸ் பாஷா சொல்லுவான். தெரிஞ்சுதான் ஒக்காந்திருந்தாங்கன்னு தொரை சொல்லுவாரு.

அப்பால யாரும் வுழாம இருக்க தொட்டிய சுத்தி மரத்துல தடுப்பு அடிச்சாங்க. தொரைக்கு வேல போச்சு. கப்பல்ல ஏத்தி வுடறோம், ஊருக்குப் போய்டுன்னு கம்பெனி சொல்லிச்சு. போவல. இங்க அப்ப இருந்த சாமி, மேடை ஏறுன பொம்பளைக்கும் ஏத்துன தொரைக்கும் இனிமே இந்தக் கோயில்ல நற்கருணை அப்பம் கெடையாதுன்னு பூசையிலேயே சொல்லிட்டாரு. அப்பால நானும் தொரையும் ஒண்ணா வாழறதுன்னு முடிவு பண்ணி, கல்யாணம் மந்திரிச்சு வையுங்கன்னு முட்டி போட்டுக் கேட்டோம். முடியாதுன்னுட்டாரு. மந்திரிக்காமலேதான் ஒண்ணா இருந்தோம் சாமி. அத நான் மறைக்கல.

ஆற்காடு, குடியாத்தம்னு எங்க கூப்ட்டாலும் போனோம். சில ஊருல சோறு, சில ஊருல கல்லு. இப்ப பேசற படம் வந்துடுச்சு. ஆதிகேசவன் மெட்ராசுக்குப் போய்ட்டான். கவுஸ் பாஷா திரும்பியும் ஷாப்புக்கே போய்ட்டான். தொரை மட்டும் எழுதிக்கினே இருந்தாரு. நடிக்க ஆளே இல்லாத நாடகம்.

கோயிலுக்கா? உள்ள வர மாட்டாரு. ஞாயித்துக்கெழமை சொவுத்துக்கு வெளிய நின்னு பாட்டு கேப்பாரு. பாடறவங்க மூச்சு வாங்குற எடமே தப்புன்னு திட்டிக்கினு இருப்பாரு. அடுத்த வாரமும் போவாரு. ஆண்டவர நம்பினாரா இல்லையான்னு கேட்டா நான் இன்னா சொல்றது. நெஞ்சு சளி கட்டி ஒரு மாசமா படுக்கை. கடைசில கையில செபமாலை இல்ல. எங் கையதான் புடிச்சுக்கினு இருந்தாரு.

இல்ல சாமி, எண்ணெய எடுக்காதீங்க. சாவப் போறவங்களுக்குப் பூசுவீங்களே, அந்த அவஸ்தைப்பூசுதலுக்குக் கூப்பிட வரல. விடியும்போதே போய்ட்டாரு. வெளிய புளிய மரத்தாண்ட வண்டி நிக்குது, அதுலதான் படுக்க வெச்சிருக்கோம். கவுஸ் பாஷா பக்கத்துல நின்னு ஈ ஓட்டிக்கினு இருக்கான்.

கல்லறைத் தோட்டத்துல புதுசா எடம் கேக்கல. சின்னப்பன் பக்கத்துல எனக்குன்னு ஒரு எடம் வுட்டு வெச்சிருக்கு. அதுல இவர வைங்க. எனக்கு வேற எங்கயாவது பாத்துக்கலாம்.