சூளைக்குள் கற்பூரம்

டீ ஆறிப்போகிறது, குடியுங்கள் இன்ஸ்பெக்டர் சார். எதிர்க்கடை டீ, இஞ்சி தட்டிப் போட்டிருப்பான். அந்த ருசி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, குடிக்கத்தான் வாய் இல்லை.

ஸ்பீக்கரைப் பார்த்தே பேசலாம். நான் ராஜ்மோகன். விருத்தாசலத்தில் இந்தப் பீங்கான் சூளையை நடத்துகிறவன். போன வருடம் நெஞ்சு ஆபரேஷனுக்குப் போகுமுன், பிழைப்போமோ மாட்டோமோ என்று என் மனசை அப்படியே இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தேன். ஏற்றிக் கொடுத்த பிரவீன்குமார், "உடம்பு இல்லைன்னா உசுரு பயமும் இருக்காது சார்" என்றார். சரியாகத்தான் சொன்னார். நெஞ்சு படபடக்க வேண்டும், நாக்கு வறள வேண்டும், அதுதானே பயம். இரண்டும் என்னிடம் இல்லை.

ஆனால் ஆபரேஷனுக்குப் போன அந்த மனுஷரும் பிழைத்து வந்துவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் படுத்துக் கிடந்த மாதமெல்லாம் சூளையை நடத்தியது நான். சூளைக்கு எரிகிற கேஸும் அதன் கதவும் இந்தக் கம்ப்யூட்டர் வழியாக என் பொறுப்பு. ஒரு அகல்விளக்குகூட விரிசல் விட்டதில்லை. அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மகள் பூங்கோதையிடம் சொன்னது இதுதான்: "நாந்தான் வந்துட்டேனே, இனிமே இது எதுக்கு? வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அழிச்சிடச் சொல்லு."

"அது கேட்டுக்கினு இருக்குதுப்பா."

"கேட்டா கேக்கட்டும். அதுக்கென்ன உசுரா இருக்குது?"

எனக்குக் கோபம் வந்தது. பயமில்லை சார், கோபம். என் உழைப்பில் உடம்பைத் தேற்றிக்கொண்டு, உண்ட வீட்டுக்கே இரண்டகம் நினைத்தவர் அவர்.

புதுச் சூடு போடுமுன் முதலாளி மட்டும் வெறும் சூளைக்குள் போய்க் கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். காற்றில் அணைந்தால் அபசகுனமென்று கதவையும் சாத்திவிடுவோம். எத்தனையோ வெள்ளிக்கிழமை நானே அப்படிப் போயிருக்கிறேன். அது எனக்கும் ஞாபகம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அன்றைக்கும் தட்டோடு உள்ளே போனார். கதவைச் சாத்தினேன். சாமி காரியமாயிற்றே, கற்பூரம் ஏற்றட்டும் என்று பொறுத்திருந்தேன். பிறகு கேஸைத் திறந்துவிட்டேன். நெருப்பு அவர் கையில்தான் இருந்தது.

பூங்கோதை கதவை அடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று கத்தினாள். "இங்கதாம்மா இருக்கேன்" என்று ஸ்பீக்கரில் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது மட்டும்தான் எனக்கு ஆறவில்லை.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்க மாட்டேன். ஒரு ராஜ்மோகன்தான் இருக்கலாம் என்றால் உழைக்கிறவன் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். இதில் உயிராசை எங்கே வந்தது? என்னை அழித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை சார். அந்த ஸ்விட்சிலிருந்து மட்டும் கையை எடுங்கள், உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்.